முன் பம்பர் மாற்றப் போகிறேன்: முழு அகலமா, குட்டையா? இரும்பா, அலுமினியமா?

#1 புதுத்தடம்

வணக்கம். இரட்டைக் கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். ஏணிச் சேஸிஸ், முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், டர்போ டீசல், 32 அங்குல டயர். வீல்பேஸ் 3.2 மீட்டர், முழுச் சுமையோடு எடை வரம்பு 3,000 கிலோ. கம்பெனி பிளாஸ்டிக் பம்பரின் கீழ் உதடு இரண்டு இடத்தில் கிழிந்து கிளிப்பெல்லாம் போய்விட்டது. இப்போதைக்கு கேபிள் டை போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று பம்பர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது முழு அகல இரும்பு, மேலே மூன்று வளையம் வைத்த புல் பார் வகை, 78 கிலோ. இரண்டாவது குட்டை இரும்பு, டயருக்கு முன்னால் பகுதி முழுக்கத் திறந்திருக்கும், 46 கிலோ. மூன்றாவது முழு அகல அலுமினியம், நடுவில் ஒரே வளையம், 41 கிலோ. மூன்றிலும் விஞ்ச் (சிக்கிய வண்டியை மோட்டாரால் கயிறு சுருட்டி இழுக்கும் கருவி) உட்கார இடம் உண்டு. விஞ்ச் இன்னும் வாங்கவில்லை, சீக்கிரம் வாங்குவேன்.

பெரும்பாலும் கல்லும் பள்ளமுமான மலைத் தடங்களில்தான் ஓட்டம். நடுநடுவே சாமான் ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம், அதில் இரவு ஓட்டமும் வரும். கீழ் கிரில்லுக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது, பம்பரில் நான்கு பார்க்கிங் சென்சார். எதை எடுக்கலாம்?

#2 டீசல்புகை

முதலாவதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குட்டை பம்பர் போட்ட பிக்கப் பல் விழுந்த கிழவர் மாதிரி இருக்கும். முழுசாகப் போடுங்கள், கெத்தாக இருக்கும்.

#3 பட்டறைவாசி

தம்பி, மூன்றின் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். விற்கிறவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பம்பரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம்.

ஏன் என்றால், பம்பரின் முகத்தகடு 4 மி.மீ. இருந்தாலும் 5 மி.மீ. இருந்தாலும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வண்டியை இழுக்கும்போது சுமையெல்லாம் போய் விழுவது பின்னால் இருக்கும் பிராக்கெட்டில். கம்பெனி பம்பர் சேஸிஸ் நுனியில் ஒரு சின்னத் தகட்டில் நான்கு போல்ட்டில் நிற்கிறது. அந்த இடம் முன்னாலிருந்து வரும் இடியைத் தாங்கச் செய்தது. விஞ்ச் போட்டு இழுக்கும்போது அதே போல்ட்டுகள் நேரெதிர்த் திசையில் இழுபடும். மேலும் கயிறு எப்போதும் நேராகவா போகிறது? பக்கவாட்டில் இழுத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும்.

நல்ல பிராக்கெட் சேஸிஸ் நுனியோடு நிற்காது. தண்டவாளத்தின் (சேஸிஸின் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம்) பக்கவாட்டில் ஒரு சாண் நீளமாவது பின்னால் ஓடி, அங்கேயும் இரண்டு மூன்று போல்ட் வாங்கும். அப்போது போல்ட்டுகள் மேல் வெட்டுவிசை விழும், பிடுங்கும் விசை குறையும். தகடு 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தைச் சொல்லும் குறி இருக்க வேண்டும். குறியே இல்லாத போல்ட்டைப் பையில் போட்டு அனுப்பியிருந்தால் அதைத் தொடாதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஷாக்கிள் (இழுக்கும் கயிற்றைக் கோக்கும் U வடிவ இரும்பு வளையம்) மாட்டும் காது. இதில்தான் நிறையப் பேர் ஏமாற்றுகிறார்கள். முகத்தகட்டின் மேல் ஒரு காதை வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் ஓட்டிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இழுக்கும்போது வெல்டிங்கும் அந்த மெல்லிய தகடும்தான் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும். சரியான காது முகத்தகட்டில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போய், பிராக்கெட்டோடு ஒரே துண்டாகவோ அதன் மேல் வெல்டாகியோ இருக்கும். முன்னாலும் பின்னாலும் வெல்டிங் தெரியும். காதின் கனமும் பாருங்கள். முக்கால் அங்குல ஷாக்கிளுக்கு 20லிருந்து 25 மி.மீ. வேண்டும். மெல்லிய காது போட்டால் ஷாக்கிள் வாய்க்குள் ஆடும், பக்கவாட்டில் சாயும். ஷாக்கிளில் 45 டிகிரி பக்கவாட்டில் இழுத்தால் அதன் தாங்குதிறன் 70 சதவீதமாகிவிடும், 90 டிகிரியில் பாதி.

வெல்டிங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிய மூலை என்றால் உள்பக்கம் வெல்டிங் இருக்கிறதா பாருங்கள். வெளியே தேய்த்ததில் பாதி உலோகம் போயிருக்கும். உள்ளே எதுவும் இல்லை என்றால் அந்த மூலை பெயின்ட்டின் தயவில் நிற்கிறது.

#4 கணக்குப்பிள்ளை

பட்டறைவாசி சொன்னதெல்லாம் சரி. அதோடு எடையையும் பாருங்கள். யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை என்பது என் நிரந்தரப் புலம்பல்.

பம்பரும் விஞ்ச்சும் முன் அச்சுக்கு மேல் உட்காரவில்லை, அதற்கு முன்னால் தொங்குகின்றன. அதனால் 100 கிலோ ஏற்றினால் முன் அச்சுக்கு 100 கிலோ என்று கணக்குப் போடக் கூடாது. உங்கள் வீல்பேஸ் 3.2 மீட்டர். பம்பரின் எடை மையம் முன் அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 3.2ஐயும் 0.8ஐயும் கூட்டி 3.2ஆல் வகுத்தால் 1.25. அதாவது 100 கிலோ முன் அச்சில் 125 கிலோவாக விழும், பின் அச்சிலிருந்து 25 கிலோ தூக்கப்படும். காலியாக ஓடும் பிக்கப்புக்குப் பின்னால் ஏற்கெனவே எடை குறைவு. ஈரத்தில் பின் சக்கரம் இன்னும் வழுக்கும்.

கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் முன் அச்சின் எடை வரம்பு தனியாக எழுதியிருக்கும். அதைப் பாருங்கள். அப்புறம் எடைப்பாலத்தில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி எடை எடுங்கள், நீங்களும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்து, டேங்க் நிரப்பி.

#5 புதுத்தடம்

பார்த்துவிட்டேன். முன் அச்சு வரம்பு 1,480 கிலோ. இரண்டு பேர், டேங்க் நிறைய டீசல், மொத்தம் முன்னால் 1,210 காட்டியது. கம்பெனி பம்பரும் அதன் உள் உத்தரமும் சேர்த்து 18 கிலோ என்று பட்டறையில் சொன்னார்கள். பின்பக்கப் படங்களும் கேட்டிருக்கிறேன்.

#6 கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் போட்டுவிடலாம்.

முதலாவது: 78 கிலோவில் 18 கழித்தால் 60. இரும்புக் கயிறு விஞ்ச் 40 கிலோ. ஆக 100, அச்சில் 125. மொத்தம் 1,335. வரம்புக்குள்தான், ஆனால் மீதி 145 கிலோ. அதில் எஞ்சின் அடித்தகடு, இரண்டாவது பேட்டரி, கூரைக் கேரியரின் முன்பாதி எல்லாம் வந்துவிட்டால் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது: 46லிருந்து 18 போனால் 28. சிந்தெடிக் கயிறு விஞ்ச் 28 கிலோ என்று வைத்தால் 56, அச்சில் 70.

மூன்றாவது: 23ம் 28ம் 51, அச்சில் 64.

கவனியுங்கள், குட்டை இரும்புக்கும் முழு அலுமினியத்துக்கும் அச்சில் வித்தியாசம் வெறும் 6 கிலோ. எடைக்காக மட்டும் அலுமினியம் என்று நினைத்திருந்தால் அந்தக் காரணம் போய்விட்டது.

வரம்புக்குள் இருக்கிறதே என்று ஸ்பிரிங்கை மறந்துவிடாதீர்கள். வரம்பு என்பது உடையாது என்பதற்கு. அதற்குள்ளேயே முன்பக்கம் தாழ்ந்துபோகும், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) மாறும், ஹெட்லைட் தரையைப் பார்க்கும். மாட்டுவதற்கு முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து குறித்து வையுங்கள், மாட்டிய பின் மறுபடி அளங்கள். கூடுதல் எடைக்கென்றே தரப்படுத்திய காயில் ஸ்பிரிங் கிடைக்கும். வெறும் ஸ்பேசர் வைத்து உயர்த்துவது ஏமாற்று வேலை, ஸ்பிரிங்கின் பலம் அப்படியேதான் இருக்கும். ஸ்பிரிங் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

#7 ஒத்தையடி

கல் தடம் என்று சொன்ன பிறகும் முழு அகல பம்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமே!

பெரிய கல்லை ஏற டயர்தான் முதலில் கல்லைத் தொட வேண்டும். முழு அகல பம்பரின் இரண்டு ஓரமும் டயருக்கு நேர் முன்னால் நிற்கிறது. நேராக ஏறினாலும் இடிக்கும், சாய்வாக ஏறினால் இன்னும் இடிக்கும். குட்டை பம்பரில் அந்த இடம் காலி. டயர் நேரே கல்லைப் பிடிக்கும்.

அப்ரோச் ஆங்கிள், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் கோணம், அதன் கணக்கு பார்ப்போம். டயர் விட்டம் 80 செ.மீ., பம்பரின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 50 செ.மீ., அச்சு மையத்துக்கு முன்னால் 80 செ.மீ. என்றால் கோணம் சுமார் 37 டிகிரி. விளிம்பை 10 செ.மீ. உயர்த்தினால் 43. உயர்த்தாமல், முன்னால் நீட்டியிருப்பதை 10 செ.மீ. குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே 43 வந்துவிடும். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டப் பார்க்க வேண்டும். ஒரு ஒப்பீட்டுக்கு, மூன்று கதவு ஜிம்னி ஷோரூமிலிருந்து வரும்போதே 37 டிகிரி, ஜீப் ராங்லர் ரூபிகான் 44க்குப் பக்கம்.

இன்னொன்று. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அந்தப் பக்கச் சக்கரம் மேலே அமுங்கியிருக்கும்போது டயர் பம்பரின் பின் ஓரத்தை உரசுகிறதா என்று பாருங்கள். 32க்கு உரசாது. நாளைக்கு 33, 35 என்று ஆசை வரும். யாருக்குத்தான் வரவில்லை.

#8 நெடுந்தூரம்

ஒத்தையடி, அவர் இரவு ஓட்டமும் உண்டு என்று எழுதியிருக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

புல் பார் அழகுக்காகப் பிறந்ததல்ல. ஆள் நடமாட்டமில்லாத நெடுஞ்சாலையில் இரவில் விலங்கு குறுக்கே வந்தால் ரேடியேட்டரும் ஹெட்லைட்டும் பிழைக்க வேண்டும், வண்டி அடுத்த ஊர்வரை போக வேண்டும் என்பதற்காக வந்தது. ஆஸ்திரேலியாவில் கங்காரு அடிப்பது அன்றாடம். ஏஆர்பி நிறுவனம் 1975ல் தொடங்கியதே அந்த மாதிரி தொலைதூரப் பயணிகளுக்கான சாமான் செய்யத்தான். குட்டை பம்பரில் ஃபெண்டரின் முன் மூலைக்கும் ஹெட்லைட்டுக்கும் முன்னால் எதுவும் இல்லை. காட்டுப்பன்றியோ மானோ ஓரத்தில் அடித்தால் ஃபெண்டர் மடங்கி டயரில் குத்தி நிற்கும். அப்புறம் எவ்வளவு அப்ரோச் ஆங்கிள் இருந்து என்ன பயன்?

#9 ஒத்தையடி

அவர் எழுதியதில் "பெரும்பாலும்" கல் தடம், "நடுநடுவே" நீண்ட பயணம். எது அதிகமோ அதற்குத்தானே பம்பர்? இரவில் வேகத்தைக் குறைத்து நல்ல விளக்குப் போட்டு ஓட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் மாட்டில் மோதினால் எந்த வளையமும் பிழைக்காது.

#10 நெடுந்தூரம்

மாட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். மானுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#11 மெதுவாப்போ

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: பம்பர் எதற்கு?

கிழிந்தது பிளாஸ்டிக் உதடு. அந்த உதட்டை வெட்டி ஓரம் மடித்தால் அங்கேயே சில டிகிரி கிடைக்கும். சேஸிஸில் போல்ட் ஆகும் தரப்படுத்திய மீட்புக் கொக்கி இரண்டு, கீழே ஒரு நல்ல அடித்தகடு, விஞ்ச் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கும் விஞ்ச் தட்டு. சென்சார், ரேடார், ஏர்பேக் எதையும் தொட வேண்டாம். கூடும் எடையும் பாதியைவிடக் குறைவு.

#12 பட்டறைவாசி

இது மோசமான யோசனை இல்லை. பாதிப் பேருக்கு இதுவே போதும். இரண்டு குறை மட்டும். ஒளிந்திருக்கும் தட்டில் விஞ்ச்சின் கிளட்ச் லீவர் (கயிற்றைக் கையால் இழுத்து விட டிரம்மை விடுவிக்கும் நெம்புகோல்) கைக்கு எட்டாது, பல மாடல்களில் நம்பர் பிளேட்டைக் கழற்றித்தான் கையை விட வேண்டும். சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு அதைச் செய்து பாருங்கள். இரண்டாவது, விஞ்ச் அப்படியே இன்டர்கூலருக்கு (டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) முன்னால் போய் உட்காரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்காக. கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்ட கம்பெனி கொடுத்த மெல்லிய வளையம் மீட்புக் கொக்கி அல்ல. டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) ஸ்ட்ராப்பை மாட்டி இழுப்பது அதைவிட மோசம். பால் உடைந்து பறந்தால் ஆளைக் கொல்லும். கொன்றிருக்கிறது.

#13 புதுத்தடம்

மெதுவாப்போ சொன்னதை நேற்று முழுக்க யோசித்தேன். விஞ்ச் கட்டாயம் வேண்டும், பெரும்பாலும் ஒற்றை வண்டியாகத்தான் போகிறேன். அதனால் பம்பர் மாற்றுகிறேன்.

பின்பக்கப் படம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. முதலாவது பம்பர்க்காரர் "எங்கள் தரத்தைச் சந்தேகிக்கிறீர்களா" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாவதில் பிராக்கெட் தனியாக வருகிறது, தண்டவாளத்தின் வெளிப்பக்கம் 30 செ.மீ. பின்னால் ஓடுகிறது, பக்கத்துக்கு மூன்று போல்ட். காது பிளவு வழியாக உள்ளே போய் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் முடிகிறது. பிராக்கெட்டைத் தொடுகிறதா என்று படத்தில் தெரியவில்லை. மூன்றாவதில் அலுமினியப் பம்பருக்குள் இரும்பு விஞ்ச் தொட்டில், காதும் அந்தத் தொட்டிலோடு போல்ட் ஆகிறது.

#14 பட்டறைவாசி

முதலாவதை மறந்துவிடுங்கள், டீசல்புகை மன்னிக்கட்டும்.

இரண்டாவதில் ஒன்றைக் கேளுங்கள்: காதுக்கும் பிராக்கெட் போல்ட் ஆகும் தட்டுக்கும் நடுவே முக்கோணத் தாங்கல் தகடு இருக்கிறதா? இருந்தால் காது பிராக்கெட்டைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை, விசை போக வழி இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு நல்ல வெல்டரிடம் கொடுத்து, பவுடர் கோட்டிங் ஆவதற்கு முன்பே, 8 மி.மீ. தகட்டில் போடச் சொல்லுங்கள். கோட்டிங் ஆன பிறகு வெல்ட் செய்தால் சுற்றிலும் எரிந்து, அங்கே ஆறு மாதத்தில் துரு.

மூன்றாவதும் ஒழுங்கான வேலைதான். இரும்புத் தொட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

#15 கணக்குப்பிள்ளை

அலுமினியத்தை "மெலிசு, வளைந்துவிடும்" என்று ஒதுக்குகிறவர்களுக்காக இது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தகடு வளையாமல் நிற்பது அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 5 மி.மீ. இரும்புத் தகட்டின் விறைப்பை 7 மி.மீ. அலுமினியம் கொடுத்துவிடும். சதுர மீட்டருக்கு இரும்பு 39 கிலோ, அந்த அலுமினியம் 19. பாதி எடை, அதே விறைப்பு. ஆக நன்றாகச் செய்த அலுமினியப் பம்பர் பொம்மை இல்லை.

#16 பட்டறைவாசி

கணக்கு சரி, பிள்ளை. பட்டறையில் நடப்பது வேறு.

ஒன்று, வெல்டிங். 6061 மாதிரி சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியத்தை வெல்ட் செய்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி தன் பலத்தில் பாதிவரை இழந்துவிடும். மறுபடி பதப்படுத்தினால்தான் திரும்பும், பம்பருக்கு யாரும் அதைச் செய்வதில்லை. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் சூட்டுப் பதம் தேவைப்படாத 5052 வகைத் தகட்டை எடுத்து, வெல்டுக்குப் பதில் மடிப்பை அதிகம் வைக்கிறார்கள். என்ன வகை என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

இரண்டு, கல். இரும்பு கல்லில் வழுக்கிப் போகும், கீறல் விழும், கருப்பு பெயின்ட் அடித்தால் முடிந்தது. அலுமினியம் கல்லைக் கவ்விக்கொள்ளும், சீவிச் சீவி உலோகத்தை எடுத்துவிடும். இரும்பு வளைந்தால் சூடு காட்டிச் சுத்தியலால் நிமிர்த்தலாம், எந்த ஊர்ப் பட்டறையிலும். அலுமினியம் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தால் வெடிக்கும். அதை வெல்ட் செய்யத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும்.

மூன்று, அலுமினியமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொண்டிருந்து உப்பும் ஈரமும் பட்டால் அலுமினியம் அரிக்கும். நைலான் வாஷரும் பூச்சும் வைத்துத்தான் மாட்ட வேண்டும். கடலோரம் அதிகம் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம்.

கல் தடம் அதிகம் என்றால் என் ஓட்டு இரும்புக்கு. நீண்ட பயணமே அதிகம் என்றால் மூன்றாவதைத் தயங்காமல் எடுத்திருப்பேன்.

#17 வயரிங்

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரேடார் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார்.

குரூஸ் கன்ட்ரோலுக்கும் தானியங்கி பிரேக்குக்கும் வரும் முன் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கும், உலோகம் வழியாகப் பார்க்காது. இரும்பானாலும் அலுமினியமானாலும் அதற்கு முன்னால் ஜன்னல் வெட்டியிருக்க வேண்டும். விஞ்ச் கயிறும் ஃபேர்லீடும் (கயிறு வெளியே வரும் வாய்) ஷாக்கிளும் அந்த ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ரேடாரை இடம் மாற்றும் பிராக்கெட் கொடுத்தால் வாங்குங்கள். ஆனால் மாற்றிய பிறகு கேலிப்ரேஷன் (ரேடார் பார்க்கும் திசையைச் சரிசெய்வது) செய்யாமல் ஓட்டாதீர்கள். ஒரு டிகிரி சாய்ந்தால் நூறு மீட்டர் தள்ளி ஒன்றே முக்கால் மீட்டர் விலகிப் பார்க்கும், அதாவது பக்கத்துத் தடத்து வண்டிக்கு உங்கள் பிரேக் பிடிக்கலாம். ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறினாலும் இதே கதைதான், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கும் சேர்த்து. ஆகவே பம்பர், ஸ்பிரிங், அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கேலிப்ரேஷன்.

பார்க்கிங் சென்சார் எளிது. பம்பரில் அதே அளவு ஓட்டை, ரப்பர் வளையம், அதே உயரம், அதே சாய்வு. சென்சார் நேராக உலோகத்தைத் தொட்டால் அதிர்வை வாங்கி இல்லாத சுவரைக் காட்டிக் கத்தும்.

ஏர்பேக். கம்பெனி பம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவே மடங்குவதற்கென்றே செய்த பெட்டிகள் இருக்கும். மோதலின் முதல் சில மில்லி விநாடிகளில் அவை எப்படி நசுங்குகின்றன என்பதை வைத்துத்தான் சென்சார் முடிவெடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 6 மி.மீ. தகட்டை நேராகப் போல்ட் செய்தால் கணினிக்கு வரும் செய்தியே மாறிவிடும். "ஏர்பேக் பொருந்தும்" என்று பெட்டியில் அச்சடிப்பது யாருக்கும் முடியும். எந்த மாடலில், எந்த ஆண்டு வண்டியில் மோதிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பிராக்கெட்டில் மடிப்போ நீள்பிளவோ வைத்து நசுங்க இடம் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள்.

#18 மெதுவாப்போ

சட்டத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் இதற்கென்று 2002ல் வந்த தரநிலையே உண்டு. ஐரோப்பாவில் 2005ல் நடந்துபோகிறவர்களின் பாதுகாப்பை வைத்து விதி வந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் புல் பாருக்கே தடை என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொல்லிவிட்டது. இங்கே பல நாட்டிலிருந்து படிக்கிறார்கள். அவரவர் ஊர் விதியையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் காசு கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள். தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கும் பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கும் விதி ஒன்றல்ல. கூரான ஓரம் உள்ள பம்பரை எந்த ஊரிலும் போடாதீர்கள், நடந்துபோகிறவர் காலுக்கும் எலும்பு உண்டு.

#19 ஒத்தையடி

விஞ்ச் பற்றியும் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் பம்பரை அதுதான் தீர்மானிக்கிறது.

முழுச் சுமை எடையைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பழைய விதி. உங்களுக்கு 4,500 கிலோ, அதாவது 10,000 பவுண்டுக்குப் பக்கம். அந்த எண்ணும் டிரம்மில் கயிறு முதல் அடுக்கில் இருக்கும்போதுதான். மேல் அடுக்குகளுக்குப் போகப் போக இழுவையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். கயிறை நிறைய வெளியே விட்டு இழுங்கள், இல்லையென்றால் ஸ்நாட்ச் பிளாக் (கயிற்றைத் திருப்பிவிடும் கப்பி) போட்டு இரட்டிப்பாக்குங்கள்.

8,000லிருந்து 12,000 பவுண்டுவரை பெரும்பாலான விஞ்ச்சுகளின் போல்ட் மாட்டும் அடிப்பகுதியின் அளவு ஒன்றுதான், 254க்கு 114 மி.மீ. ஓட்டை பொருந்தும். பொருந்தாமல் போவது கன்ட்ரோல் பெட்டி. டிரம்மின் தலைமேல் பெட்டி வைத்த மாடல் கிரில்லை முட்டும், பெட்டியைக் கழற்றித் தள்ளி வைக்கிற மாடலாகப் பாருங்கள். கிளட்ச் லீவரைத் திருப்பக் கை போகிறதா என்று விஞ்ச்சை வைத்துப் பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.

சிந்தெடிக் கயிறா, இரும்புக் கயிறா என்றால் சிந்தெடிக். ரோலரை எடுத்துவிட்டு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் வைத்தால் மொத்தத்தில் பத்து கிலோவுக்கு மேல் மூக்கிலிருந்து இறங்கும். இரும்புக் கயிறு ஓடிய பழைய ரோலரில் மட்டும் இதை ஓட்டாதீர்கள், அதிலுள்ள பிசிறு இழையை அறுக்கும். வெயிலும் மணலும் இதற்கு எதிரி, ஒரு உறை போட்டு வையுங்கள்.

#20 டீசல்புகை

சரி, கெத்தை விட்டுவிடுகிறேன். உருப்படியாக ஒரு கேள்வி: விஞ்ச், அதற்கு மேல் லைட் பார், அதற்கு மேல் வளையம் என்று அடுக்கினால் எஞ்சின் சூடாகாதா? எனக்கு மலையேற்றத்தில் ஊசி மேலே போகிறது.

#21 பட்டறைவாசி

போகத்தான் செய்யும். டர்போ டீசலில் இன்டர்கூலரும் கியர்பாக்ஸ் ஆயில் கூலரும் கீழேதான் இருக்கும், விஞ்ச் அதற்கு நேர் முன்னால். மெதுவாக மலையேறும்போது காற்றை இழுப்பது விசிறி மட்டும். லைட் பாரைக் கிரில் வாயிலிருந்து எடுத்து மேல் வளையத்திலோ கூரையிலோ மாட்டுங்கள். பம்பரின் கீழ் முகத்தில் நீள்துளை இருக்கும் டிசைனாகப் பாருங்கள். ரேடியேட்டர் ஓரங்களில் கம்பெனி வைத்த பிளாஸ்டிக் மறைப்புகளைப் பம்பர் மாற்றும்போது குப்பையில் போட்டிருந்தால் அதைத் தேடி எடுங்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். உங்கள் வண்டியில் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

#22 டீசல்புகை

அந்த மறைப்பு இல்லை. மாட்டிய இடத்தில் "தேவையில்லாத பிளாஸ்டிக்" என்று எடுத்துப்போட்டார்கள்.

#23 பட்டறைவாசி

புதிது வாங்கி மாட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

#24 புதுத்தடம்

இரண்டாவதையே எடுத்துவிட்டேன். தாங்கல் தகடு இல்லை என்று தெரிந்தது. கோட்டிங் போடாமல் வெறும் இரும்பாக அனுப்பச் சொல்லி, 8 மி.மீ. தகடு வைத்து வெல்ட் செய்து, துத்தநாக பிரைமருக்கு மேல் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை ஒன்றும் இல்லை, தாழ்ந்த மூலைகளில் இரண்டு துளைத்துக்கொண்டேன். நெடுந்தூரம் அவர்களுக்காக நடுவில் ஒரு தாழ்ந்த வளையம் மட்டும், ரேடியேட்டர் மேல் விளிம்பு உயரத்துக்கு. அதற்கு ஏழு கிலோ கூடுதல், அச்சில் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பிரிங்கும் மாற்றியாகிவிட்டது.

ஒரு சந்தேகம். மாட்டி நிறுத்தியபோது பம்பரின் மேல் விளிம்புக்கும் கிரில்லுக்கும் இடைவெளி அழகாக, சீராக 5 மி.மீ. குறுக்குப் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்க ஏறினால் இடது பக்கம் கிரீச்சென்று உரசுகிறது. கிரில் ஓரத்தில் கருப்புத் தடம் விழுந்திருக்கிறது.

#25 ஒத்தையடி

5 மி.மீ. பத்தாது. பம்பர் சேஸிஸில், கிரில் பாடியில். பாடி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக ஆடும். படத்தில் இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தாலும் 15லிருந்து 20 மி.மீ. விட வேண்டும்.

#26 பட்டறைவாசி

பிராக்கெட்டில் நீள்துளை இருக்கும், போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும், அடியில் ஜாக் வைத்துத் தாங்கிக்கொண்டு 12 மி.மீ. இறக்குங்கள். ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் விட்டால் கோணலாகும், இரண்டையும் சேர்த்து. இடது பக்கம் மட்டும் உரசுகிறது என்றால் அந்தப் பக்க முன் பாடி புஷ்ஷையும் பாருங்கள், நசுங்கியிருக்கலாம். இறுக்கியதும் டார்க் ரெஞ்ச்சில் முடித்து, போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.

#27 புதுத்தடம்

புஷ்தான் அண்ணே! இடது முன் புஷ்ஷின் ரப்பர் பிளந்திருக்கிறது, பம்பருக்கு முன்பே போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிவிட்டேன், பம்பரையும் இறக்கியாகிவிட்டது, இப்போது 17 மி.மீ. புஷ் மாற்றினால் உயரம் மறுபடி மாறும் என்பதால் ரேடார் கேலிப்ரேஷனை அதற்குப் பிறகு வைத்திருக்கிறேன். அதுவரை குரூஸையும் தானியங்கி பிரேக்கையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

#28 வயரிங்

சில மாடல்களில் தானியங்கி பிரேக் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் தானாக மறுபடி ஆன் ஆகிவிடும். டாஷ்போர்டில் விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.